ஆறு பொட்டும் மூணு ஊக்கும்

காலை பதினொரு மணி என்று சொன்ன நேர்காணலை மத்தியானம் ஒன்றரைக்குத் தள்ளிவைத்தால், செகண்ட் ஷிப்ட்டுக்குப் போகிறவள் அதை எங்கே உட்கார்ந்து கொடுப்பாள்? கம்பெனி பஸ்ஸில்தான். அதுவும், ஒரகடத்துக்கு முன்னால் ஒரு கண்டெய்னர் லாரி ரோட்டுக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ள, முன்னேயும் பின்னேயும் வண்டிகள் நெருக்கியடித்து நிற்க, நகர வழியில்லாமல் முழித்துக்கொண்டிருந்த பஸ்ஸில்.

ஜன்னலோரம் இசக்கிசெல்வி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். திரையில் உமாதேவி மேடம். ரத்த பிளாஸ்மாவிலிருந்து மருந்து தயாரிக்கிற ஒரு கம்பெனியின் லேப் அவர் பொறுப்பில். இந்த வேலை கிடைத்தால், இசக்கிசெல்வி மூன்று வருஷம் முட்டி மோதிப் படித்த பயோகெமிஸ்ட்ரிக்கு ஒரு அர்த்தம். கிடைக்காவிட்டால் காருக்குள் போகிற ஒயரைக் கட்டிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

இதில் ஒரு வில்லங்கம். டிகிரி படித்த பெண்கள் நிலைத்து நிற்க மாட்டார்கள் என்று ஒயர் கம்பெனியில் பிளஸ் டூ பெண்களை மட்டும்தான் எடுத்தார்கள். குடும்பத்திலேயே முதல் ஆளாக வாங்கிய பட்டத்தை, ஏதோ கொலை செய்துவிட்டு வந்தவள் மாதிரி மறைத்துத்தான் அவள் உள்ளே நுழைந்திருந்தாள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். இப்போதோ லைன் லீடர் ரகுபதி முன்சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தால் இருக்கிற வேலையும் போச்சு.

"கிரிங்கிள் டொமைன் பத்திச் சொல்லுங்க," என்றார் மேடம்.

இசக்கிசெல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ரொம்பப் பிடித்த கேள்வி!

"ரத்தக்கட்டியக் கரைக்கிற பிளாஸ்மினோஜன்ல இருக்கது மேடம்," என்று கிசுகிசுத்தாள்.

"கேக்கல. சத்தமா."

"பிளாஸ்மினோஜன்..."

"கேக்கவே இல்லம்மா."

ரகுபதியின் பின்னந்தலையைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். வருவது வரட்டும்.

"கிரிங்கிள் டொமைன்!" என்று கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ரகுபதி மட்டும் குறட்டையை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டார்.

"ஏட்டி பூமாரி, என் துப்பட்டாவப் புடி! பொட்டு தாங்கட்டி எல்லாரும்!"

அறைத்தோழி பூமாரி துப்பட்டாவை நீளமாக விரித்துப் பிடித்தாள். ஆறு நெற்றிகளிலிருந்து ஸ்டிக்கர் பொட்டுகள் வந்தன. இசக்கிசெல்வி வரிசையாக ஒட்டினாள்.

"புரதம் ஒரு நீளச் சங்கிலி மேடம். அதுல ஒரு துண்டு தானாவே மடிஞ்சு, தனக்குன்னு ஒரு உருவமும் வேலையும் வச்சுக்கிட்டா அதான் டொமைன். கிரிங்கிள்ல சிஸ்டீன்ங்கற கண்ணி ஆறு, அதான் ஆறு பொட்டு. ரெண்டு ரெண்டா கை கோத்துக்கிடும். ஊக்கு குடுங்கட்டி!"

மூன்று பேர் தோளிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார்கள். பூமாரி கை பழகிய பழக்கத்தில் அடுத்தடுத்த பொட்டுகளைச் சேர்த்துக் குத்திக்கொண்டே போனாள்.

"என்னளா இது, பிள்ளைக்குத் தூளியா கட்டுத?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

"கூறுகெட்டவளே, இது என்ன நம்ம லைனா, வரிசையா கிளிப் போட? ஒண்ணையும் ஆறையும் குத்து. ரெண்டுக்கு நாலு. மூணுக்கு அஞ்சு!" என்று பூமாரியை அதட்டினாள் இசக்கிசெல்வி.

மாற்றிக் குத்தியதும் துப்பட்டா வளையத்துக்குள் வளையமாகச் சுருண்டுகொண்டது. நடுவில் அழகாக ஒரு குழி. பூமாரியின் கட்டைவிரலைப் பிடித்து அதற்குள் திணித்தாள் இசக்கிசெல்வி.

"ரத்தம் உறைஞ்ச இடத்துல ஃபைப்ரின் வலை இருக்கும். அதுல துருத்திக்கிட்டு நிக்கிற லைசீன்ங்கற கண்ணிதான் இந்த விரலு. புடிக்கது மட்டுந்தான் கிரிங்கிளுக்கு வேலை. வெட்டுறது அதே புரதத்துல வேற துண்டு. புடிக்காம எப்படி வெட்ட?" போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். "இந்த டிராபிக் ஜாம்தான் ரத்தக்கட்டின்னு வைங்க மேடம். அந்தா, கிரேன் வருது பாருங்க! அதோட கொக்கிதான் கிரிங்கிள்!"

"கரெக்டா சொன்னம்மா!" என்றார் டிரைவர் அப்பாவு. "அத்த மாட்டாம அவன் இன்னாத்த இழுப்பான்?"

மேடம் சிரித்துவிட்டார். "சரி, அந்தக் குழியை அடைக்கிற மருந்து ஒண்ணு சொல்லுங்க."

பெயர் நாக்கு நுனி வரை வந்து நின்றுகொண்டது. அதற்குள் பூமாரி, விரல் மாட்டாத கையால் பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை நீட்டினாள். மாதாமாதம் ரத்தப்போக்கு தாங்காமல் போகும்போது சாப்பிடச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்தது.

"டிரானெக்சாமிக் ஆசிட்," என்று வாசித்தாள் இசக்கிசெல்வி. "பாத்துதான் சொல்லுதேன் மேடம், பேரு மறந்துட்டு. ஆனா அது செய்யிற வேலை மறக்கல. லைசீன் மாதிரியே வேஷம் கட்டி குழிக்குள்ள உக்காந்துக்கிடும். கொக்கியில வேற எவனோ தொங்கிக்கிட்டிருந்தா லாரிய எப்படி இழுக்க? கட்டி கரையாம நிக்கும். இவளுக்குப் போக்கு குறையும்."

"என் மானத்த வாங்கிட்டியேக்கா!" என்று பூமாரி அலற, பஸ் குலுங்கியது.

"திங்கக்கிழமை டிகிரி ஒரிஜினலோட வாங்க. ஆர்டரை கையில தரேன்," என்றார் மேடம். "அந்தத் துப்பட்டாவையும் அப்படியே கொண்டு வாங்க."

பஸ்ஸுக்குள் கிளம்பிய கூச்சலில் வெளியே நின்ற லாரிக்காரர்களே எட்டிப் பார்த்தார்கள். "டிகிரிக்கார இசக்கி!" என்று எவளோ கத்தினாள். ரகுபதி திடுக்கிட்டு எழுந்தார்.

"டிகிரியா? நீ பிளஸ் டூன்னுதானே சொன்ன?"

"ஆமா சார்," என்றாள் இசக்கிசெல்வி. "பிளஸ் டூவும் படிச்சிருக்கேன்."

கிரேன் கொக்கி மாட்டி இழுத்தது. லாரி ஒதுங்கியது. அப்பாவு ஆரனை அழுத்தியபடியே பஸ்ஸைக் கிளப்பினார். பொட்டில்லாத ஆறு பேரும் ஒருத்தி நெற்றியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். ஊக்கு கொடுத்த மூவரும் கழுத்துத் துணியைக் கையால் பிடித்துக்கொண்டு, "எங்க ஊக்கு?" என்றார்கள்.

"திங்கக்கிழமை வரைக்கும் ஒருத்தியும் கேக்கப்படாது!"

"யக்கா," என்றாள் பூமாரி மெதுவாக. "என் விரலயாவது எடுத்துக்கிடட்டா?"