நேர்ந்துவிட்ட சேவல்

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, தேவாலய வளாகத்தில், சபையார் அத்தனை பேர் முன்னிலையில், அருள்பாண்டி அடுத்தவள் சேவலை ஏலம் விட்டார்.

அறுப்பின் பண்டிகைக்கு வந்த காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் பொறுப்பு இந்த வருசம் அவருக்கு. முப்பது வருசமாகப் போடியில் ஏலக்காய் வியாபாரம், மலையில் சொந்தத் தோட்டம், போதாததற்கு வாயும் உண்டு என்று ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பூசணிக்காய், வாழைத்தார், முட்டை எல்லாம் போனபிறகு மேசைக்கடியில் ஒரு வயர்கூடை தெரிந்தது. உள்ளே செவலைச் சேவல். அவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"இது வாரம் தவறாம கோயிலுக்கு வர்ற சேவல். நம்ம கமிட்டி ஆளுகளவிட ஒழுங்கு."

கூட்டம் சிரித்தது. சிரிக்கச் சிரிக்க விலை ஏறியது. ஜவுளிக்கடை விஜயபாண்டி ஒன்பதாயிரத்துக்கு எடுத்து, காரில் போட்டுக்கொண்டு போனார்.

விசயம் பந்தியில்தான் தெரிந்தது. தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களையும் அவர் வருசா வருசம் இந்தச் சாப்பாட்டுக்கு அழைப்பார். யாரும் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. ஆனாலும் ஒருத்தி விடாமல் வந்துவிடுவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை. அவர்களில் ஒருத்தியான குருவம்மாளின் இலைக்கு நேரே அவர் சாம்பார் வாளியோடு குனிந்தபோது, பக்கத்து இலை ராமுத்தாய் மெல்லச் சொன்னாள்.

"அண்ணே, அது இவ குலசாமிக்கு நேந்துவிட்ட சேவலு. மக முத்துப்பிரியாவுக்கு எட்டு வருசம் கழிச்சுப் பிள்ளை பொறந்துச்சுல்ல, அதுக்கு. சாப்புட்டு ராசிங்காபுரத்துச் சாமி கோயிலுக்குப் பஸ்சப் புடிக்கலாம்னு நெழலுக்கு மேசைக்கடியில வச்சிருந்தா."

வாளி அப்படியே நின்றது.

"ஏ ஆத்தா, நீ அங்கனதானே நின்னே. ஏன் சொல்லலை?"

குருவம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "பரவால்லண்ணே. சாம்பாரு ஊத்துங்க."

ஊற்றினார். ஊற்றிவிட்டு விஜயபாண்டி வீட்டுக்கு வண்டியை விரட்டினார். அங்கே சேவல் குழம்பாகியிருந்தது.

"ஒன்பதாயிரம் ரூவாக் கோழிண்ணே. ஆனா சாப்புட்டா மத்த கோழி மாதிரித்தான் இருக்கு. ரெண்டு துண்டு வைக்கச் சொல்லவா?"

அருள்பாண்டி திரும்பி வந்து போதகரைப் பார்த்தார். போதகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க நோக்கம் நல்லதுதானே ஐயா, ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினார். நீளமான ஜெபம். அதில் சேவல் வரவே இல்லை.

வீட்டில் சூர்யகலாவிடம் கேட்டார். "சேவல விடு. அவ ஏன் வாயத் தொறக்கல?"

சூர்யகலா கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முப்பத்திரண்டு வருசமாகப் பார்த்துக்கொண்டிருப்பவள். "இட்லி மூணா, நாலா?" என்றாள்.

மூன்று போதும் என்றார். மூன்றும் இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை வேறொரு செவலைச் சேவல் வாங்கினார். தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றும் ஜீப்பு ஏற்கெனவே மலைக்குப் போய்விட்டதால், வாடகை வண்டி ஓட்டும் காசிமாயன் வண்டியில் ஏறினார். சேவல் மடியில். வளைவுக்கு வளைவு அது அவர் வயிற்றில் காலை ஊன்றிக்கொண்டது.

அவருக்கு அலுப்பாக இருந்தது. முழங்கால் வலி ஒரு பக்கம். நல்லவனாக இருந்து இருந்து வந்த அலுப்பு ஒரு பக்கம். காய்க்குச் சாயம் ஏற்றியதில்லை. எடைக்குத் தண்ணீர் தெளித்ததில்லை. கூலி சனிக்கிழமை தப்பியதில்லை. முதலாளி என்று கூப்பிடாதீர்கள், முதலாளி மேலே ஒருவர்தான், நான் அண்ணன் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார். எல்லாரிடமும் சிரித்த முகம். இதற்கு மேல் ஒரு கிறிஸ்தவ வியாபாரி என்னதான் செய்ய வேண்டும் என்று யாரிடமாவது எழுதி வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"காசிமாயா, அவ ஏன் சொல்லலைங்கிறே?"

"கியர் சத்தத்துல ஒண்ணும் கேக்கலண்ணே" என்றான் காசிமாயன். வண்டி அப்போது மேட்டைத் தாண்டி, இறக்கத்தில் சத்தமில்லாமல் உருண்டுகொண்டிருந்தது.

தோட்டத்தில் குருவம்மாள் ஏலச்செடியின் அடியில் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். அருள்பாண்டி கூடையைப் பக்கத்தில் வைத்தார். நின்றுகொண்டு கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும் என்று அவரும் குத்தவைத்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன.

"இதக் கொண்டு போய்ச் செலுத்து ஆத்தா. சாமி ஏத்துக்கிருமா?"

"ஏத்துக்கிரும்ணே." கை நிற்கவில்லை.

"அந்த ஒன்பதாயிரத்த என் கையில இருந்து உனக்குத் தந்துர்றேன்."

"வேணாம்ணே. சேவலுக்குச் சேவல் வந்துருச்சு."

"அப்ப ஒண்ணு மட்டும் சொல்லு. சிரிச்சு மழுப்பாத. நேத்து ஏன் என் சேவலுன்னு சொல்லலை?"

"விடுங்கண்ணே, சோலி கெடக்கு."

"உன் பேரப்பிள்ளைக்கு நேந்தது. உன் கண்ணு முன்னாடி வித்தேன். விட முடியல ஆத்தா. நேத்துலருந்து ஒரு வாய் சோறு எறங்கல."

குருவம்மாள் கையை நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"போன மழைக்குச் சந்திரவல்லி ஒருநா லேட்டா வந்தா. நீங்க சிரிச்சுக்கிட்டே, 'நாளைலருந்து வீட்லயே ஓய்வெடு ஆத்தா'ன்னீக. மறுநா கங்காணி அவள ஜீப்புல ஏத்தல."

"அது சும்மா சொன்னதும்மா. அவ தேவாரம் ஊருப் பக்கம் கூலி கூடன்னு போயிட்டான்னுல்ல கங்காணி சொன்னான்."

"மூணு மாசம் சும்மா இருந்துட்டுத்தாண்ணே போனா. நீங்க எப்பவும் சிரிச்சுக்கிட்டேதான் பேசுறீக. எது வெளையாட்டு, எது நெசம்னு எங்களுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. நேத்து சேவலத் தூக்குனப்பவும் சிரிச்சீக. அத்தனை பெரிய மனுசர் முன்னாடி, 'அது என் சேவலு'ன்னு நான் சொன்னா உங்களுக்குத் தலகுனிவு. அப்புறம் காலையில ஜீப்பு எங்க தெருவுல நிக்குமான்னு யோசிச்சேன். நிக்காதுன்னு தோணுச்சு. அதான் சொல்லலை."