சவாசனத்துக்குக் காவல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். யோகா டீச்சருக்குக் கோபமா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பொறுமைக்கென்றே எங்கள் வகுப்பில் அண்ணி இருக்கிறார். பன்னிரண்டு வருடமாக இருவரும் சேர்ந்து நடத்துகிறோம். வளைப்பது, நிமிர்த்துவது, அதட்டுவது என் வேலை. கடைசியில் எல்லோரையும் மல்லாந்து படுக்கவைத்து, கால் விரலிலிருந்து தலைவரை ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லித் தளர்த்தும் சவாசனம் அண்ணியுடையது. அவர் குரலுக்கு அழுகிற குழந்தையும் அடங்கும். என் குரலுக்கு அடங்கிய குழந்தையும் அழும்.

ஐந்து மாதத்துக்கு முன் என் அண்ணன் போய்விட்டான். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. பக்கத்தில்தான் அண்ணி அயர்ந்து தூங்கியிருக்கிறார். காலையில் டீ போட்டுவிட்டு எழுப்பப் போனபோதுதான் தெரிந்தது.

"நான் தூங்கிட்டேன்," என்று மட்டும் அன்று சொன்னார். அதன்பின் அழவும் இல்லை, ஒழுங்காகத் தூங்கவும் இல்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது. முன்பெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சவாசனம் சொல்பவர், இப்போது பாய்களுக்கு நடுவே நடந்துகொண்டே சொன்னார். எதற்கென்று எனக்குத் தெரியும். ஒவ்வொருவர் வயிறும் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார்.

இப்படியே போனால் இவரும் ஒருநாள் சுருண்டு விழுவார் என்று பயந்தேன். கெஞ்சினேன், கத்தினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். எதுவும் எடுபடவில்லை. அதனால்தான் அந்த ஒன்றுகூடலை ஆரம்பித்தேன். காலை வகுப்பு, மாலை வகுப்பு, முட்டி மடக்க முடியாதவர்களுக்கான நாற்காலி வகுப்பு, மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே கூடத்தில் சேர்ப்பது. ஓடியாடி அலைந்தால் அண்ணி அசந்து தூங்கிவிடுவார் என்று நினைத்தேன்.

அசந்தது நான்தான். அண்ணி நூலகத்து மாடிக் கூடத்தைப் பிடித்தார். நாற்பது பேருக்கும் ஃபோன் போட்டார். யார் குனியக் கூடாது, யாருக்குச் சுவரோரம் வேண்டும் என்று கேட்டு, ஒவ்வொரு பாய்க்கும் தரையில் சாக்பீஸால் இடம் குறித்தார். பேசிப் பேசித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஞாயிறு காலை அவருக்குக் குரலுக்குப் பதில் காற்றுதான் வந்தது.

"சவாசனத்த நீ சொல்லிடு," என்றார்.

"நானா? எல்லாரும் எழுந்து ஓடிருவாங்க அண்ணி."

"மெதுவா சொன்னா போதும். கால்ல ஆரம்பி."

"சரி. ஆனா நீங்களும் படுக்கணும். குறுக்கும் நெடுக்கும் நடந்தீங்கன்னா எனக்கு எல்லாம் மறந்துபோகும்."

"யாராவது பாத்துக்கிட்டு இருக்கணுமே."

"நான் பாக்கறேன். எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

அண்ணி அரைமனதாகத் தலையாட்டினார். "நீ கண்ண மூடவே கூடாது," என்று சொல்லிவிட்டு, முன்வரிசையில் தையல்காரருக்கும் பஸ் டிரைவருக்கும் நடுவே போய்ப் படுத்தார்.

வாக்குக் கொடுத்துவிட்டேனே! ஒரு கண்ணை நாற்பது வயிறுகள் மேலும் ஒரு கண்ணை அண்ணி மேலும் வைத்தபடி ஆரம்பித்தேன். வலது கால் விரல், கணுக்கால், முட்டி, தொடை. அப்படியே இடுப்பு, முதுகு, கழுத்து. கழுத்துக்கு வந்தபோது தையல்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்து தன் இடது காலைச் சுட்டிக் காட்டினார். இடது காலைத் தளர்த்தவே இல்லை! மானம் போயிற்று. திரும்பக் கீழே போய் இடது காலிலிருந்து ஏறினேன். இந்த முறை கைகளை விட்டுவிட்டேன். கண்ணை மூடியபடியே பலர் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் மூன்றாவது முறையும் கால் விரலில் ஆரம்பித்தேன்.

முட்டிக்கு வருவதற்குள் ஒரு குறட்டை கேட்டது. அண்ணி.

சவாசனத்தில் யார் குறட்டை விட்டாலும் பாதத்தைத் தொட்டு எழுப்ப வேண்டும் என்பது அவரே போட்ட சட்டம். பஸ் டிரைவர் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். நான் முறைத்த முறைப்பில் கை தானாகத் திரும்பிப் போயிற்று.

அடுத்து டீ, அறிமுகம், போட்டோ என்று பெரிய பட்டியலே இருந்தது. உதட்டில் விரலை வைத்தேன். நாற்பது பேரும் பூனை மாதிரி எழுந்தார்கள். டீ டிரம்மை இரண்டு பேர் சத்தமில்லாமல் படிக்கட்டுக்குத் தூக்கிப் போனார்கள். கூடத்தைப் பூட்ட வந்த காவலாளியிடம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கக் கீழே இறங்க வேண்டியிருந்தது. கண்ணை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேனே என்று தயங்கினேன்.

"நீங்க போங்க. நான் பாக்கறேன்," என்று தையல்காரர் கிசுகிசுத்தார்.

"எத பாக்கறீங்க?"

"டீச்சரம்மா எங்ககிட்ட எத பாத்துக்கிட்டு நடப்பாங்களோ, அதத்தான்."

எனக்கு மட்டுந்தான் தெரியும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். படியில் இறங்கும்போது கண்ணில் நீர் முட்டியது. திரும்பி வந்தபோது அண்ணியைச் சுற்றிப் பாதிப் பேர் சம்மணமிட்டிருந்தார்கள். நாற்காலி வகுப்பு நாற்காலிகளோடு வந்திருந்தது. ஒருவருக்கொருவர் பேர் தெரியாதவர்கள். எல்லோருடைய பார்வையும் ஏறி இறங்கும் ஒரே வயிற்றில் இருந்தது.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து அண்ணி விழித்தார். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. தையல்காரர், டிரைவர், நாற்காலிக்காரர்கள் என்று ஒவ்வொரு முகமாகப் போன பார்வை கடைசியில் என்னிடம் வந்து நின்றது.

"நான் தூங்கிட்டேன்," என்றார். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல அண்ணி. நீங்க தூங்கினீங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். என் மடியில் முகத்தைப் புதைத்து, கட்டிய தொண்டையோடு, ஐந்து மாத அழுகையையும் அழுதார். யார் அழுதாலும் மூச்சை மெதுவாக விடச் சொல்கிற வாய் என்னுடையது. அன்றைக்கு அது சொல்லவில்லை.