காலடி மைக்

...இல்லை, அங்கே இல்லை, அதற்கும் முன்னால், இன்னும் கொஞ்சம் முன்னால் என்று சொல்ல ஈரெக் வாயெடுத்தான், அதற்குள் சவுண்ட் என்ஜினியர் யாகோதாவே பாட்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டாள், கெட்டிக்காரப் பெண்தான், இந்த மிக்ஸிங் அறையில் ஒரு வாரமாக அவனோடு குப்பை கொட்டுகிறாளே, சொல்வதற்கு முன்பே புரிந்துகொள்கிறாள், ஆனால் இன்றைக்கு அதுகூட எரிச்சலாக இருந்தது... மறுபடியும் அதே இடம், ‘சாம்பல் மணப்பெண்’ பாட்டு, பாடகி ஓத்திலியாவின் குரல் அடங்கி அடங்கி, பேசுகிற அளவுக்கு இறங்கி வருகிறது, அடியில் செல்லோ ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, டிரம் எப்போதோ ஒரு அடி, ஒரே ஒரு அடி, அவ்வளவுதான், அவனுடைய கிடார்கூட வாயை மூடிக்கொண்டிருக்கிறது, இதற்குத்தானே மூன்று வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டான், முப்பது வருஷமாகக் காட்டுக் கத்தலாகக் கத்திக்கொண்டிருந்த பாட்டை ஒருவழியாக உட்காரவைத்தானே, இந்த அமைதியைப் பதிவு செய்யத்தானே ஸாப்ஷே ஊரில் அந்தப் பெரிய கச்சேரி மண்டபத்தைப் பிடித்தான், செல்லோக்காரியைக் கிராக்கோவிலிருந்து வரவழைத்தான்... இதோ, இரண்டாவது பல்லவி முடிகிறது, இப்போது வரும், இப்போது... சனியன்! டிரம் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, இரண்டு காலாலும் மிதிமிதி என்று மிதிக்கிறான், பழைய வேகம், முதல் ஆல்பத்து வேகம், பின்னாலேயே பாஸ் கிடார், பின்னாலேயே இவன் கிடார், வேறு என்ன செய்வது, டிரம் ஓடினால் எல்லாரும் ஓடத்தான் வேண்டும், கூட்டம் கூரை இடிந்து விழுகிற மாதிரி அலறுகிறது. “நிறுத்தும்மா” என்றான் ஈரெக். யாகோதா நிறுத்தினாள்.

அமைதியாயிற்று, எங்கே அமைதி, சமையலறையிலிருந்து டங் டங்கென்று சத்தம், கின்ட்டர்தான், ஓடவிட்ட அதே ஆசாமி, ஷரோத்தா என்று இந்தக் குழுவுக்குப் பேர் வைத்த நாளிலிருந்து டிரம் அடிக்கிறவன், கூப்பிட்டால் ஒருநாள்கூட நேரத்துக்கு வராதவன், இன்றைக்கு மட்டும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கசகசா கேக் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் வந்து நிற்கிறான், குழாய் சொட்டுகிறது என்று யாகோதா வாய்தவறிச் சொன்னாள், போயிற்று, காரிலிருந்து சாமான் பையை எடுத்துக்கொண்டு வந்து சிங்குக்கு அடியில் படுத்துவிட்டான், சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வும் வாங்கியாயிற்று, கை மட்டும் சும்மா இராது, எதையாவது கழற்ற வேண்டும், எதையாவது மாட்ட வேண்டும், டிரம் குச்சியை மட்டும் வீட்டில் தொடமாட்டான், பயிற்சி என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்... இருக்கட்டும், குழாயைச் சரி செய்யட்டும், வந்ததும் உட்காரவைத்து டிரம்மை மட்டும் தனியாகப் போட்டுக் காட்டிவிட வேண்டும், கேளுடா, உன் காதாலேயே கேள், நீ என்ன செய்திருக்கிறாய் பார், என்று காட்டிவிட்டு அப்புறம் அந்த விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், விலகிக்கொள் கின்ட்டர், என்று. அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியுமா? ஏன் முடியாது? க்ளிவீட்ஸே ஊர் டிரம்காரன் தமாஸியிடம் போன வாரமே பேசியாயிற்று, அவனும் சரி என்றுவிட்டான், திங்கட்கிழமை ஒத்திகைக்கு வருகிறான், முப்பது வயசு, சொன்ன இடத்தில் சொன்ன அடி, புது ஆல்பம் முழுக்க மெதுவாகத்தான், ஆழமாகத்தான், அதற்கு அவன்தான் லாயக்கு, இவனிடம் சொல்வதுதான் பாக்கி.

கேட்கிறவர்களுக்கு என்ன, பழசே போதும் அவர்களுக்கு, தலை வழுக்கையாகிப் பேரன் பேத்தி எடுத்தவனெல்லாம் கறுப்புச் சட்டையை இழுத்துத் தொப்பைமேல் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான், இருபத்திரண்டு வயசில் எழுதியதை ஐம்பத்திரண்டு வயசில் அதே மூச்சில் வாசி என்கிறான், நடுவில் ஒரு ஆல்பம் வேறு மாதிரி செய்து பார்த்தார்களே, கம்ப்யூட்டர் சத்தமெல்லாம் போட்டு, டிஸ்கோக்காரன்கள் என்று கேலி செய்தார்கள், ஓப்போலே ஊரில் ஒருவன் மேடையில் ரொட்டியை விட்டெறிந்தான், சாப்பிடுகிற ரொட்டியை... அதையெல்லாம் தாண்டித்தான் இங்கே வந்திருக்கிறான் ஈரெக், இந்த நேரடிப் பதிவு ஒன்று சரியாக வந்திருந்தால் போதும், பாருங்கள், இத்தனை பேர் மூச்சு விடாமல் கேட்டார்கள், புதுசும் எடுபடுகிறது என்று ஓத்திலியாவிடமும் பாஸ்காரனிடமும் காட்டியிருக்கலாம், அதைத்தான் கின்ட்டர் ஒரே மிதியில் நாசம் செய்தான். அன்றைக்கு மேடையை விட்டு இறங்கியதும் எல்லார் முன்னாலும் கத்தினான் ஈரெக், செல்லோக்காரி பயந்துபோய் வெளியே போய்விட்டாள், அந்த அளவுக்குக் கத்தினான், உனக்கு மூளை இருக்கிறதா, உன்னிடம் எத்தனை தடவை படித்துப் படித்துச் சொன்னேன் என்று, கின்ட்டர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நின்றான், துடைத்து முடித்து, “சரிடா. என் தப்புதான்” என்றான். அவ்வளவுதான். அதற்குமேல் ஒருவனை என்னவென்று திட்டுவது?

“டிரம்மை எடுத்துட்டுப் புதுசா அடிச்சு ஒட்டிடலாமா?” என்று கேட்டான் ஈரெக், பதில் தெரிந்தும் கேட்டான். யாகோதா உதட்டைப் பிதுக்கினாள். “எடுக்கலாம். ஆனா எல்லா மைக்லயும் கொஞ்சம் கொஞ்சம் டிரம் சத்தம் ஏறியிருக்கும். எதுல எவ்வளவு இருக்குன்னு ஒண்ணொண்ணா பாத்துட்டுத்தான் சொல்ல முடியும்.” பார்த்தார்கள், ஒவ்வொன்றாகத் தனியாகக் கேட்டார்கள், ஓத்திலியாவின் மைக்கில் டிரம் இருக்கிறது, செல்லோவில் இருக்கிறது, கூட்டத்துக்கு வைத்த மைக்கில் கேட்கவே வேண்டாம், எங்கே தொட்டாலும் கின்ட்டர், தலையெழுத்து, ஆனால் கூட்டத்து மைக்கில் இன்னொன்றும் இருந்தது, டிரம் ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே பாடிக்கொண்டிருந்தார்கள், பழைய மெட்டை, பழைய வேகத்தில், இவர்கள் மெதுவாக வாசிக்க வாசிக்க அதற்குமேல் ஏறி நின்று பாடிக்கொண்டிருந்தார்கள், மேடையில் கேட்டபோது தொண்டையை அடைத்ததே, அது இதுதான், கோபத்தில்தானே அடைத்தது? “அடியில இன்னொரு மைக் இருக்கு” என்றாள் யாகோதா, “பேர் போடாம விட்டிருக்காங்க. முக்காவாசி சத்தமே இல்ல. என்ன இது?” ஈரெக் கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தான், ஓ, அதுவா, காலடி மைக், அதையும் பதிவு செய்து தொலைத்திருக்கிறார்களா, கீழே இருக்கிற பொத்தானைக் காலால் மிதித்துக்கொண்டு பேசினால் கின்ட்டரின் காதுக்குள் மட்டும் கேட்கும், கூட்டத்துக்குக் கேட்காது, ஓத்திலியாவுக்கும் கேட்காது, பாடும்போது காதில் எவனும் பேசக் கூடாது அவளுக்கு, அதனால் இவனுக்கும் அவனுக்கும் மட்டும், “அது ஒண்ணுமில்ல, மெதுவா அடிடான்னு சொல்ல வச்சுகிட்டது” என்றான், அவள் அதற்குள் தட்டிவிட்டாள்.

முதலில் ஒன்றுமில்லை, அப்புறம் அவன் குரல், மெதுவா, மெதுவா, அவசரப்படாதடா, அடுத்த பாட்டில் மறுபடியும், எங்கடா பாத்துட்டிருக்க, எண்ணு எண்ணு, கேட்கக் கேட்க வெட்கமாக இருந்தது, ராத்திரி பூராவும் ஒரு மனுஷன் காதுக்குள் இப்படியா தொணதொணப்பது, மாமியார்கூடத் தோற்றுப்போவாள், யாகோதா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்... அப்புறம் ‘சாம்பல் மணப்பெண்’, நீண்ட மௌனம், நல்லது, இங்கே அவன் ஒன்றும் பேசவில்லை, பேசாமல்தான் இருந்தான், அப்புறம் ஒரு மூச்சுச் சத்தம், யாரோ சிரித்தார்கள், பொடிப்பயல் சிரிக்கிற மாதிரி, “கின்ட்டர்! கேக்குதாடா? பாடுறானுங்கடா! டேய், பாடுறானுங்க! விடு! பழசு, பழசு, போ!”

யாகோதா அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஈரெக் அவளைப் பார்க்கவில்லை. இது யார் குரல்? தன் குரல்தான், தெரியாமல் என்ன, ஆனால் இப்படி ஒரு குரலில் அவன் கடைசியாக எப்போது பேசினான், வீட்டிலா, ஒத்திகையிலா, எங்கேயும் இல்லையே... இல்லை, டிரம் ஓட ஆரம்பித்த பிறகு கத்தியிருப்பான், ஓடிவிட்டானே என்று, சரி போய்த் தொலை என்று, அப்படித்தான் இருக்க வேண்டும். “இது டிரம் மாறினதுக்கு அப்புறம்தானே?” என்றான். யாகோதா இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வைத்துப் பெரிதாக்கினாள், மேலே அவன் குரல், கீழே டிரம், குரல் முடிகிறது, ஒரு விரல் இடைவெளி, அப்புறம்தான் டிரம் கிளம்புகிறது. அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தான், அதில் கின்ட்டர் ஒரு கணம் யோசித்திருப்பானோ, நிஜமாகத்தான் சொல்கிறானா என்று... பொத்தானை மிதித்த நினைவு இல்லை, சத்தியமாக இல்லை, கூட்டம் நினைவிருக்கிறது, வெக்கை நினைவிருக்கிறது, ஓத்திலியா திடுக்கிட்டுத் திரும்பியது நினைவிருக்கிறது, நடுவில் மட்டும் யாரோ துடைத்துவிட்ட மாதிரி. ஒரு மனுஷனால் இப்படி மறக்க முடியுமா? தானே சொல்லிவிட்டு, தானே திட்டிவிட்டு, தானே இன்னொருவனைக் கூப்பிட்டு... “இன்னொரு தடவை போடு” என்றான், ஏன் சொன்னான் என்று தெரியவில்லை, அவள் போட்டாள், பழசு, பழசு, போ, என்று அறை முழுக்கக் கேட்டபோது கின்ட்டர் கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

“குழாய் சரியாயிடுச்சு பொண்ணே, உள்ள ரப்பர் தேஞ்சு போயிருந்துது” என்றான் யாகோதாவிடம், திரையைப் பார்த்தான், “அத எதுக்கு நோண்டிட்டு இருக்கீங்க? அது ஆல்பத்துல வராதே. தூக்கிடு.” வந்து உட்கார்ந்து கேக் சுற்றியிருந்த தாளைப் பிரிக்க ஆரம்பித்தான். தூக்கிடு, எவ்வளவு லேசாகச் சொல்கிறான், பெரிய தியாகி, “உனக்குத் தெரியும்” என்றான் ஈரெக், அது கேள்வி மாதிரி இல்லாமல் குற்றச்சாட்டு மாதிரி வந்தது. “காதுக்குள்ள வந்து கத்துனா தெரியாமயா இருக்கும்? ரெண்டு நாள் ங்கொய்னு இருந்துதுடா.” “அப்புறம் ஏன் அன்னிக்கு வாயை மூடிட்டு நின்ன? எல்லார் முன்னாடியும் என்னைக் கத்தவிட்டு...” “நீ எங்கடா என்னை வாயைத் தொறக்க விட்ட?” கத்தியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கேக்கை வெட்டினான் கின்ட்டர், தடித்தடியாக, எப்போதும்போல் முதல் துண்டைத் தனக்கே எடுத்துக்கொண்டான். “அதுவும் இல்லாம உனக்கு யாரையாச்சும் திட்டியாகணும். ஓத்திலியாவ திட்டுனா கெளம்பிப் போயிடுவா. பாஸ்காரன் திருப்பி அடிப்பான். என்னைத் திட்டுனா மறுநாள் பீர் வாங்கித் தருவ. எனக்கு என்ன நஷ்டம்?” யாகோதா சிரித்துவிட்டாள். ஈரெக்குக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது, என் தப்பு இல்லை என்று இவன் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், சண்டை போட்டிருந்தால் அப்போதே இந்தக் காலடி மைக் பதிவைத் தேடிப் பார்த்திருப்பான், பார்த்திருந்தால் தமாஸிக்குப் போன் போட்டிருக்க மாட்டான், ஒருவன் சும்மா இருந்தே இன்னொருவனை இப்படிக் கேவலப்படுத்தலாமா, எத்தனை தடவை இப்படிச் சும்மா இருந்திருப்பான், முப்பது வருஷத்தில்...

“கின்ட்டர்” என்றான், “திங்கக்கிழமை...” “தெரியும்” என்றான் கின்ட்டர், வாயில் கேக்கோடு. “தமாஸி எனக்குப் போன் பண்ணினான். பழைய பாட்டுல கால் எப்படிப் போவுதுன்னு புரியலையாம், கேட்டான். ரொம்ப நேரம் பேசிட்டிருந்தோம். நல்லவன்டா. கை சுத்தம். என்னை மாதிரி இல்ல, வீட்ல உக்காந்து பழகுறான்.” யாகோதா சட்டென்று எழுந்து, குழாயைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனாள், குழாயில் பார்க்க என்ன இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஈரெக்குக்குத் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்படியென்றால் தெரிந்தேதான் வந்தானா, எல்லாம் தெரிந்தே கேக்கை வாங்கிக்கொண்டு, தெரிந்தே சிங்குக்கு அடியில் படுத்துக்கொண்டு... இப்போது என்ன சொல்வது, இருந்துவிடு என்றால் தமாஸியிடம் என்ன சொல்வது, புது ஆல்பம் என்ன ஆவது, அந்த மெதுவான பாட்டுகளெல்லாம், அவை பொய்யா, பொய்யில்லையே, அவையும் அவன்தானே, அந்தச் சிரிப்பும் அவன்தானே, இரண்டையும் ஒரே மேடையில் எப்படி வைப்பது, விலகிக்கொள் என்று எந்த வாயால் சொல்வது, மன்னித்துவிடு என்றாவது சொல்லலாம்... 

கின்ட்டர் ஒரு துண்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தான். விரலில் ஒட்டியிருந்த கசகசாவைத் தட்டிவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, “சொல்லுடா. சொல்லத்தானே கூப்பிட்ட?” என்றான். முகத்தில் கேலி இல்லை, கோபம் இல்லை, களைப்பு இருந்தது, இத்தனை வருஷத்தில் ஈரெக் அதைப் பார்த்ததில்லை, பார்க்க நினைத்ததும் இல்லை. வாயைத் திறந்தான். கின்ட்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், சரிடா, நானே போறேன், என்று இந்தத் தடவையும் அவனே சொல்லிவிடுவான் என்றுதான் தான் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. கின்ட்டர் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.