வராத சத்தம்

தோள் மாற்றி, மடி மாற்றி, ஆள் மாற்றிப் பார்த்தாயிற்று. அழுகை நிற்கவில்லை. கடைசியில் குழந்தை அத்தையின் கைக்கே வந்து சேர்ந்தது. அதன் அப்பாவை, அவளுடைய ஒரே தம்பியை, மத்தியானம்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

"பசியா இருக்கும்."

"இல்லல்ல, பல்லு முளைக்குது."

"வயித்துவலிதான். அப்பன் போனது ஏழு மாசக் குழந்தைக்கு என்ன தெரியும், பாவம்!"

ஆளுக்கொரு வைத்தியம். வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால்தானே! அத்தைக்கு எரிச்சலாக வந்தது. அவள் பிழைப்பே குழந்தைகளின் தலையில்தான். ஆராய்ச்சிக்கூடத்தில் அவர்களுக்கு ஒயர் கோத்த தொப்பியை மாட்டி, மூளையின் அலைகளைத் திரையில் பதிவு செய்வாள். பேருந்து ஓட்டும் தம்பி கேலி பேசுவான்: "எங்க அக்கா பச்சப்புள்ளைங்க மண்டையத் தடவியே சம்பளம் வாங்குறா!" நேற்று அவன் வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்டிவிட்டு அப்படியே ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டான். பயணிகள் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்தி வாசலைப் பார்த்தது. மறுபடி அழுதது. மறுபடி வாசலைப் பார்த்தது. கதவு காலையிலிருந்து விரியத் திறந்து கிடந்தது. துக்கம் கேட்க வருகிறவர்கள் யார் கதவைத் தட்டுகிறார்கள்?

அத்தை கடிகாரத்தைப் பார்த்தாள். தம்பி வேலை முடிந்து வருகிற நேரம் இது. சாவிக்கொத்தால் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவான். உள்ளே குழந்தை இரண்டு கையையும் தூக்கும். ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் எத்தனையோ முறை பார்த்ததுதான்: ஒரே சத்தத்தைப் பழக்கிவிட்டு ஒருமுறை நிறுத்திவிட்டால், அந்த வராத சத்தத்துக்கும் திரையில் கோடு எழும்பும்.

தம்பி மனைவியை உள்ளறைக்கு அழைத்து, குழந்தை அந்தத் தட்டலுக்குத்தான் காத்திருக்கிறது என்று சொன்னாள். நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் அவள்.

"அப்ப இவளுக்கு அவர ஞாபகம் இருக்கா, அண்ணி?"

"இருக்கு."

"பெருசானப்புறம்?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. பாழாய்ப்போன வாய், பொய் வரவில்லை.

"இருக்காதும்மா. யாராச்சும் விடாம தட்டிக்கிட்டே இருந்தா இந்தப் பழக்கம் நிலைக்கும். ஆனா போகப் போக அது தட்டுறவங்களோடதா ஆயிடும். அவனோடதா இருக்காது."

தம்பி மனைவி அலமாரிப் பக்கம் திரும்பினாள். டிப்போக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன சாவிக்கொத்து அலமாரியின் மேல் இருந்தது. எடுத்துக்கொண்டு, கூடியிருந்தவர்களை விலக்கி வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

"எங்கம்மா போறே?" என்றார் யாரோ. அத்தை கையமர்த்தினாள். வீடே பேச்சை நிறுத்தியது. வெளியே வெகுநேரம் ஒன்றுமில்லை. தட்டிவிடேன் என்றும், தட்டாதே என்றும் அத்தையின் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

இரண்டு தட்டு.

குழந்தை இரண்டு கையையும் தூக்கியது.

கதவு உடனே திறக்கவில்லை. தூக்கிய கையை இறக்காமல் குழந்தை காத்திருந்தது.