இடது தோள்

கொடியாகவே இருக்கட்டும். வேலியோரம் படர்ந்து, பட்ட இடத்தைத் தடிக்கவைக்கும் நச்சுக்கொடியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ஜூலை மாதத்தில் இந்த ஊரில் யார் தோலில்தான் அந்தத் தடிப்பு இல்லை? தபால்காரருக்குக் கணுக்காலில் இருக்கிறது. பாதிரியாருக்கு முழங்கையில் இருக்கிறது. கணவன் எமரிக்குத் தோளில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படித் தனக்குள் சொல்லிக்கொண்டே ஓடீல் இழுப்பறையின் முகப்புப் பலகையை உப்புத்தாளால் தேய்த்தாள். கோகோபோலோ மரம். அறுத்த புதிதில் ஆரஞ்சாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுச் சிவந்து, உள்ளிருந்து கறுப்புக் கோடுகள் எழுந்து வரும். எண்ணெய்ப் பிசுக்குள்ள மரம் என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. தேய்க்கும்போது இனிப்பும் காரமுமாக ஒரு வாசனை எழுந்து பட்டறையை நிறைத்துவிடும்.

மெய்ன் மாகாணத்தின் இந்தப் பகுதியில் பாதி வீடுகளின் சமையலறை அலமாரி அவள் செய்ததுதான். எல்லாம் வெள்ளைப் பைன், எல்லாம் அடுத்தவர் சொன்ன அளவு. இந்த எழுது மேசை மட்டும் அவளே வரைந்தது. போர்ட்லண்டில் ஒரு டாக்டர் அம்மாள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கோட்டைக்கூட மாற்றச் சொல்லாமல் சரி என்றுவிட்டார். ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து, புத்தகம் போல் விரித்து, மேல்பலகை ஒட்டியிருந்தாள். மரத்தின் ரேகைகள் இரண்டு தீப்பிழம்புகளாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. தன் கைக்கும் ஒரு மனம் உண்டு என்று ஓடீலுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. எமரியின் அக்கா க்ளோடெட். கிளினிக்கில் நர்ஸ். ஓடீல் முகமூடியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தபோது, க்ளோடெட் ப்ளூபெர்ரிக் கூடையோடு வராந்தாவில் ஏறிக்கொண்டிருந்தாள். எமரி அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன், கோடை விடுமுறை.

"டேய், இந்த வேக்காட்டுல எதுக்குடா முழுக்கைச் சட்டை? பொண்ணு பாக்கப் போறியா?"

"கொசு."

"பட்டப்பகல்லயா? கழட்டு, பாப்போம்."

"பழத்தக் குடுத்துட்டுக் கெளம்பு க்ளோடெட்."

அவள் கேட்கிறவளா. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இடது பக்கக் கழுத்திலிருந்து தோள்வரை சிவந்து, தடித்து, நீர் கோத்திருந்தது.

"என்னடா இது?"

"கொடிதான். வேலி சுத்தம் பண்ணினேன்ல."

"கையில ஒண்ணும் இல்ல, கால்ல ஒண்ணும் இல்ல. தோள்ல மட்டும் ஏறி உக்காந்திருக்கு. எந்தக் கொடிடா உன்னக் கட்டிப் புடிச்சுட்டுத் தூங்குது?"

கேலியாகத்தான் கேட்டாள். படியின் கீழே நின்றிருந்த ஓடீலின் கை தானாகப் பின்னலுக்குப் போனது. விரல்களைப் பார்த்தாள். ஆரஞ்சு.

வேலை முடிந்ததும் உடுப்பை மாற்றுவாள், கை கால் முகம் கழுவுவாள். பின்னலை அவள் நினைத்ததே இல்லை. நாள் முழுக்க மரத்தூளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இரவில் அவன் இடது தோளில் கொண்டுபோய்ச் சாய்த்திருக்கிறாள்.

"டாக்டர்ட்ட போ. இல்லன்னா நானே வந்து காதப் புடிச்சு இழுத்துட்டுப் போவேன்" என்று சொல்லிவிட்டு க்ளோடெட் போனாள். கார் திருப்பம் தாண்டியது.

"உனக்குத் தெரியும்" என்றாள் ஓடீல்.

அவன் ப்ளூபெர்ரிக் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டான்.

"எப்போலேருந்து?"

"நீ மேல்பலகைய ஒட்டின அன்னிக்கே. கழுத்து எரிஞ்சுது. எழுந்து தலகாணியப் பாத்தா, ஒரே ஆரஞ்சு."

"அப்புறமும் ஏன் சொல்லல?"

"அன்னிக்கு நீ தூக்கத்துல சிரிச்ச." பழத்தைக் கிளறிக்கொண்டே சொன்னான். "அதுக்கு முன்னாடி எப்ப அப்படிச் சிரிச்சன்னு யோசிச்சுப் பாத்தேன். ஞாபகம் வரல."

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் எனக்காக எரிவதற்கு இவன் யார்? பிறகு தலையணை உறை நினைவுக்கு வந்தது. அந்தக் கறையை அவளும்தான் பார்த்திருக்கிறாள். உள்பக்கமாக மடித்து, துவைக்கப் போட்டிருக்கிறாள். ஒரே பொய்யை ஆளுக்கொரு பக்கமாகப் போர்த்திக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்கள்.

இந்த மரத்தூள் சிலர் தோலை எரிக்கும்; உடம்பு ஒருமுறை அதை வேண்டாம் என்றுவிட்டால் பிறகு சமாதானமே ஆகாது. ஒவ்வொரு தடவையும் சீக்கிரமாக, இன்னும் மோசமாக வரும். தோலோடு நிற்காமல் மூச்சுக்குள்ளும் போகலாம். மரவேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அப்படி யாராவது ஒருவரைத் தெரியும்.

"இழுப்பற முகப்பு மட்டுந்தானே பாக்கி?" என்றான் எமரி. "நான் மாடி ரூம்ல படுத்துக்கறேன். நீ முடிச்சுடு."

"அதுக்கப்புறம்?"

"அடுத்த மேசை வந்தா மறுபடி ஏறிப் போறேன். பஸ்காரனுக்கு எங்க போட்டாலும் தூக்கம் வரும்." சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. "ஓடீல், என்னாலதான் இந்த மரத்த விட்டேன்னு ஆகக் கூடாது. அத என்னால தாங்க முடியாது. எனக்காக முடி."

அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. முகப்புக்கு வால்நட் மரம் போடலாம் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். அந்தப் பிழம்புகளுக்குக் கீழே வால்நட். விரல் நுனிகளில் நிஜமாகவே வலித்தது. டாக்டர் அம்மாள் வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். அவன் சொன்னபடியே செய்தால் மேசை நன்றாக வரும், அதில் சந்தேகமில்லை. தினமும் அவன் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்கும். சரிந்த கூரைக்குத் தலையைக் குனிந்துகொள்வான். கொஞ்ச நாளில் இருவருக்கும் அது பழகிவிடும். பழகிவிடும் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"வேண்டாம்" என்றாள்.

"ரெண்டு வாரம்தான்."

"வேண்டாம் எமரி. முகப்புக்கு வால்நட்டே போதும்."

"சரி, இங்க வா. பக்கத்துல வந்து உக்காந்து சொல்லு."

அவள் படியேறவில்லை. தன் பின்னலில் இருக்கும் தூளைக் காற்று அவன் பக்கம் கொண்டுபோகிறதா என்று பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள்.