வலப்பக்கத்துப் படகு

முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு தர்மன் கழுத்தைப் பின்னால் சாய்த்திருந்தபோது, சலூன் பெஞ்சில் இருந்த ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படித்தார். புயலில் மூழ்கிய ‘ரத்னவல்லி’ சரக்குக் கப்பலைப் பற்றிய விசாரணை நாளை சென்னையில் தொடங்குகிறது. உயிர்காக்கும் படகுகளில் ஒன்று கடைசிவரை கீழே இறங்கவில்லை.

“எவனாவது ஆபீசர் பார்க்காமயே கையெழுத்து போட்டுட்டு போயிருப்பான்,” என்றார் படித்தவர்.

“யோவ், தெரியாம பேசாத. அது நம்ம ஊரு தர்மன் சார் பார்த்த கப்பல். அவர் பார்த்தாருன்னா பார்த்ததுதான்.”

வாசலில் இருந்து வந்த அந்தக் குரல் அப்துல் சத்தாருடையது. ரத்னவல்லியின் எஞ்சின் அறையில் வேலை செய்தவன். பிழைத்து வந்த சிலரில் ஒருவன். சவரக்காரர் கண்ணாயிரம் சிரித்துக்கொண்டே, “சார் இங்கதான்பா இருக்காரு,” என்று நாற்காலியைக் காட்டினார். படித்தவர் பதறி எழுந்து கும்பிட்டார். கழுத்தில் சவரக்கத்தி இருந்தது தர்மனுக்கு ஒரு வசதியாகத்தான் இருந்தது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் நெல் விளைத்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். கடலை முதன்முதலாகப் பார்த்ததே கரக்பூருக்குக் கப்பல் கட்டும் படிப்புப் படிக்கப் போகும் வழியில்தான். அரசாங்கக் கப்பல் ஆய்வாளராகி ஒரு வருஷத்துக்குள், அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றிய ஒரு வெளிநாட்டுக் கப்பலைத் துறைமுகத்தை விட்டு நகரவிடாமல் நிறுத்தினார். காஞ்சிபுரத்தில் அதைப் பல நாள் பேசினார்கள். பள்ளி ஆண்டு விழாவில் மாலை போட்டார்கள். கரையை ஒட்டிக் கட்டியிருக்கும் கப்பலில் அவர் ஒரு ஆணியைக்கூட விடமாட்டார். நங்கூரம் போட்டு வெளியே ஆடிக்கொண்டிருக்கும் கப்பல் என்றால் மட்டும் வயிறு அவர் பேச்சைக் கேட்காது. அதை அலுவலகத்தில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. மனைவி கிருஷ்ணவேணிக்கு மட்டும் தெரியும்.

ஆய்வுக்குப் போன அன்று ரத்னவல்லி துறைமுகத்துக்கு வெளியேதான் நின்றிருந்தது. போகும் விசைப்படகிலேயே வாந்தி எடுத்தார். கயிற்றேணியில் ஏறும்போது மேலே மாலுமிகள் சிரித்தது காதில் விழுந்தது. இடப்பக்கத்துப் படகைத் தண்ணீர்வரை இறக்கிக் காட்டச் சொல்லிச் சோதித்தார். அதற்குள் மறுபடியும் குமட்டியது. கேப்டன் எலுமிச்சைச் சாறு கொடுத்து, “வலப்பக்கத்துப் படகைப் போன வாரம்தான் இறக்கிப் பார்த்தோம் சார்,” என்றார். இன்னொரு முறை அந்த மாலுமிகள் முன்னால் வாந்தி எடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது தர்மனின் மனதில் இருந்தது. தலையசைத்தார். கையெழுத்துப் போட்டார்.

சவரம் முடிந்து வெளியே வந்ததும் சத்தார் கூடவே நடந்தான். “சார், எங்க ஆபா உங்க வாயால ஒரு வார்த்தை கேக்கணும்னு சொல்லிக்கினே இருக்குது. ரெண்டு நிமிசம் வந்துட்டு போங்க சார்.”

அவன் ஆபா என்றது அக்கா ஜோஹராவை. அவளுடைய கணவன் அக்பர் அதே கப்பலில் மேல்தளத்து மாலுமி, திரும்பி வரவில்லை. தர்மனுக்கு மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

ஒலிமுகமதுபேட்டையில் சின்ன வீடு. கணவனை இழந்தவள் விலகியிருக்கும் இத்தா காலம் முடியாததால் ஜோஹரா வெளி ஆண்கள் முன் வரக்கூடாது. உள்கதவில் தொங்கிய பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. சத்தார் டீ கொண்டுவந்து வைத்தான்.

“கம்பெனிக்காரங்க வந்துட்டு போனாங்க சார்,” என்றது குரல். “படகு நல்லாதான் இருந்துச்சாம். எங்க வீட்டுக்காரருதான் பயத்துல கயிறை சிக்க வச்சுட்டாராம். அதனாலதான் அத்தனை பேரும் செத்தாங்களாம். இவருக்கு அந்த வேலை தெரியாதா சார்?”

“தெரியும்மா. நல்லாவே தெரியும்.”

“நானும் அதான் ஆபா சொல்றேன்,” என்றான் சத்தார். “மச்சான் மேலயும் தப்பு இல்ல. படகையும் சார் பார்த்துட்டுதான் போனாரு. எல்லாம் அல்லா எழுதினது. நாளைக்கு நானே கூண்டுல ஏறி சொல்லுவேன். சார் ரெண்டு படகையும் இறக்கி பார்த்தாரு, நான் என் கண்ணால பார்த்தேன்னு.”

“நீ கீழ எஞ்சின் ரூம்ல இல்ல இருந்த?” என்றார் தர்மன்.

“இருந்தா என்னா சார்? உங்களுக்காக சொல்ல மாட்டேனா?”

ஜோஹரா திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்: “படகு நல்லா இருந்துச்சுன்னா இவரு மேல தப்பு. இவரு மேல தப்பு இல்லன்னா படகு நல்லா இல்ல. எது சார்?”

தர்மன் திரையின் கீழ் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவளுடைய பாத விரல்கள் தெரிந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி அழுத்திக்கொண்டிருந்தன.

“வலப்பக்கத்துப் படகை நான் இறக்கிப் பார்க்கலம்மா.”

“சார்!” என்றான் சத்தார்.

“படகை இறக்குற கப்பி துருப்பிடிச்சு இறுகியிருக்கும். இறக்கச் சொல்லியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். எனக்கு உடம்பு முடியல. வாந்தி வந்துச்சு. வெட்கமா இருந்துச்சு. அதனால…” அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. அத்தனை பேருடைய சாவுக்கும் காரணம் அவ்வளவு சின்னதாக இருந்தது.

சத்தார் தன் சட்டையைப் பிடிப்பான் என்று தர்மன் எதிர்பார்த்தார். அவனோ எழுந்து தெருக்கதவைச் சாத்தினான். “மெதுவா பேசுங்க சார். வெளிய யார் காதுலயாவது விழப்போவுது. உங்க வேலை போயிடும்.” அவன் கண்கள் கலங்கியிருந்தன. ஆனாலும் அவரைப் பார்க்கவில்லை. சாத்திய கதவையே பார்த்தான். அந்தக் கருணையைத் தர்மனால் தாங்க முடியவில்லை.

“விசாரணையில இதைச் சொல்லுவீங்களா சார்?” என்று கேட்டது குரல்.

“சொல்றேம்மா.”

அவள் நம்பினாளா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. விரல்கள் திரைக்கு உள்ளே போய்விட்டன. டீ ஆடை கட்டியிருந்தது. அதைக் குடிக்க அவருக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. குடிக்காமல் எழவும் முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் சென்னை பஸ்ஸுக்குக் கிளம்பினார். பெரிய காஞ்சிபுரத்துத் தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான சிவப்புப் பட்டு இழைகள் குச்சிகளின்மேல் இடுப்பு உயரத்தில் தெருவின் நீளத்துக்கும் ஓடின. பஸ் நிலையம் பாவுக்கு அந்தப் பக்கம். சுற்றிப் போகலாமா என்று அவர் தயங்கி நின்றபோது, கஞ்சி தடவிக்கொண்டிருந்த ராமலிங்கம் பார்த்துவிட்டார்.

“தர்மன் சாரு கோர்ட்டுக்கு போறாருப்பா, தூக்குங்க, தூக்குங்க.”

இரண்டு பக்கமும் நால்வர் குச்சிகளைப் பிடித்துப் பாவைத் தலைக்கு மேல் உயர்த்தினார்கள். அடியில் ஓர் ஆள் போகும் அளவுக்குச் சிவந்த நிழல் விழுந்தது. “போங்க சார், குனியாம போங்க,” என்றார் ராமலிங்கம். ஈர இழைகளிலிருந்து கஞ்சி சொட்டிக்கொண்டிருக்க, அவர்கள் அப்படியே பிடித்தபடி அவருக்காகக் காத்திருந்தார்கள்.