பூதக்கைக்கு உத்தரவிட்டது யார்?

1

இந்தக் கதை எனக்கு ஒரு நூடுல்ஸ் கடையில் கிடைத்தது. அதுவும் இரண்டு முறை, இரண்டு விதமாக. அதே மேஜை, அதே மாட்டிறைச்சி சூப், சொன்ன ஆள்தான் வேறு.

முதலில் சொன்னவள் லாங்குய். சொந்தமாக ஒரு பொக்லைன் வைத்து ஓட்டுபவள். "அந்தப் பொண்ணு வாயே திறக்கல. நானாத்தான் வெட்டினேன்" என்றாள்.

அடுத்த வாரம் பெய்-ஜுன் வந்து உட்கார்ந்தாள். எங்கள் செங்-யா மலை ஊராட்சி அலுவலகத்தில் சாலைப் பிரிவு எழுத்தர். "அக்கா எஞ்சினை அணைச்சிட்டு உட்கார்ந்திருந்தாங்க. வெட்டச் சொன்னது நான்" என்றாள்.

இரண்டு பேருக்குமே பொய் சொல்ல வராது. ஆனால் இரண்டு பேர் சொன்னதும் நிஜமாக இருக்க முடியாது. இதை வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இதில் என்ன அக்கறை என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

"வானம் கறுத்து, காற்று..." (வேண்டாம். எல்லாப் புயலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.)

"ஒரு மலை தன்னுடைய பாதியை ஆற்றுக்குக் கொடுத்துவிட முடிவு செய்த அன்று..." (அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மலை முடிவு எதுவும் செய்யவில்லை.)

"டெண்டர் பெட்டி இரண்டாவது முறையும் காலியாக இருந்தது." இதை வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு மண்வெட்டிகூடக் கிடையாது. குப்பை அள்ளுகிறவர், தெருவிளக்கு மாற்றுகிறவர், தெருநாய் பிடிக்கிறவர், வெந்நீர் ஊற்றின் குழாயில் படியும் உப்பைச் சுரண்டுகிறவர், எல்லோருமே ஒப்பந்தக்காரர்கள்தான். அலுவலகத்தில் இருப்பது நாற்காலிகளும் முத்திரைகளும். மழைக்காலத்துக்கு முன் போடுகிற ஒப்பந்தம்தான் இவற்றில் எனக்குப் பெரிய ஆச்சரியம். இன்னும் விழாத மலைக்கு, எந்த இடத்தில் விழும் என்றே தெரியாத மலைக்கு, "விழுந்தால் இன்னார் வந்து அள்ளுவார்" என்று இப்போதே கையெழுத்துப் போட்டு வைக்கிறார்கள். நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. கோயிலில் நேர்ந்துகொள்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

* பொக்லைனை எங்கள் பக்கம் 'பூதக்கை' என்போம். இனி அப்படியே எழுதுகிறேன்.

அந்த வருஷம் நேர்ந்துகொள்ள ஆளில்லை. போன மழையில் பழைய ஒப்பந்தக்காரரின் வண்டியை ஆறு கொண்டுபோயிருந்தது. பெய்-ஜுன் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அது. பெட்டியில் ஒரு உறைகூட விழவில்லை என்றதும், நேரே லாங்குய்யின் கொட்டகைக்குப் போனாள். லாங்குய் பூதக்கைக்கு அடியில் படுத்து மசகு தடவிக்கொண்டிருந்தாள். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன.

"அக்கா, ஏன் யாருமே டெண்டர் போடல?"

"உங்க தாள்ல என்ன போட்டிருக்கு? மலை விழுந்தா உடனே வந்து நிக்கணும், வரலேன்னா அபராதம். மலை விழுறதே ரோட்டு மேலதான். நான் எது வழியா வர்றது, மேகத்து வழியாவா?"

"அது எனக்கும் தெரியும். அதுக்குத்தான் வந்தேன். புயல் வர்றதுக்கு முன்னாடியே மேல இசிலானுக்குப் போய் நின்னுட்டா?"

இசிலான் பாதையின் கடைசிக் குடியிருப்பு. மலை எங்கே சரிந்தாலும் முதலில் துண்டிக்கப்படுவது அதுதான்.

"போய் நின்னு?"

"சும்மா நிக்கணும்."

கால்கள் அசைந்தன. பின்னாலேயே முகமும் வெளியே வந்தது. "சும்மா நிக்கறதுக்கு ஊராட்சி வாடகை குடுக்குமா?"

"குடுக்க வெக்கிறேன்."

"என் புருஷன் முப்பது வருஷமா சும்மாத்தான் நிக்கிறான். அவனையும் சேர்த்து எழுதிக்கோங்க ஆபீசரம்மா" என்று சிரித்தாள் லாங்குய். ஆனால் அந்த வாரமே உறையைப் போட்டுவிட்டாள்.

3

காத்திருப்பதற்கும் வாடகை உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி ஏறியது. பிரிவுத் தலைவர் கௌ அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெய்-ஜுன், மண்ணு அள்ளினா படம் எடுத்துக் காட்டலாம். ஒண்ணுமே நடக்கலேன்னா எதைப் படம் எடுப்ப?"

"வண்டி நிக்கிறதை எடுப்பேன் சார்."

கையெழுத்துப் போட்டார். முதல் புயல் கடல் பக்கம் திரும்பிப் போய்விட்டது. லாங்குய் இசிலானில் வெயில் காய்ந்துவிட்டு இறங்கி வந்தாள். அடுத்த மன்றக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். "மலைக்காத்து வாங்கறதுக்கு ஊராட்சி ஒரு பூதக்கையை அனுப்பி வெச்சிருக்கு. அடுத்த தடவை கூடவே ஒரு பாயும் தலகாணியும் குடுத்து விடுங்க!" கூட்டம் சிரித்தது.

பெய்-ஜுன் எழுந்து, "உங்க வீட்டு நாய் தினம் ஒரு திருடனைப் பிடிக்குதுங்கிறதுக்காகவா அதுக்குச் சோறு போடுறீங்க?" என்று கேட்டாள்.

(இல்லை. அவள் அப்படிக் கேட்கவில்லை, நான் கேட்க வைத்தேன். பார்வையாளர் பலகையில் நானே இருந்தேன். அவள் எழுந்தாள், காது சிவக்க "ஆமாங்க" என்றாள், உட்கார்ந்துவிட்டாள். இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. மன்றத்தில் ஒரு கிண்டலுக்குப் பதில் சொல்ல முடியாதவளா பின்னால் அத்தனை பெரிய வார்த்தையைச் சொல்லியிருப்பாள்? ஆனால் அடுத்த புயலுக்கும் அவள் அதே வரியின்படி அதே வண்டியை மேலே அனுப்பினாள் என்பதையும் நான் மறைக்கக் கூடாது. சிரித்தவர்கள் முன்னால் அதையே திரும்பச் செய்வதற்கும் ஒரு நெஞ்சு வேண்டும்.)

4

இரண்டாவது புயலுக்கு முந்தின நாள், வண்டி நிற்பதைப் படம் எடுக்க பெய்-ஜுன் பேருந்தில் ஏறினாள். படம் எடுத்து முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதையை மூடிவிட்டார்கள். இசிலானின் தலைவர் பியுங் அவளையும் லாங்குய்யையும் தேவாலயத்தில் தங்கவைத்தார். மழை விடாமல் பெய்தது. சுட்ட சேப்பங்கிழங்கைத் தின்றுகொண்டு, கூரையில் விழும் சத்தத்தைத் தாண்டிக் கத்திக் கத்திப் பேசினார்கள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"என்னக்கா?"

"கல்யாணம்!"

"மழை நின்னதும் சொல்றேன்!"

மழை நின்ற காலையில் எல்லோரும் வெளியே வந்தார்கள். கல்யாணப் பேச்சு அங்கேயே மறந்துபோனது.

எதிரே இருந்த மலையில் பாதி இல்லை. இருந்த இடத்தில் வெறும் ஆகாயம். பச்சையாகவே இருந்த உச்சியிலிருந்து ஆற்றின் அடிவரை, தோல் உரித்ததுபோல் செம்மண் பளபளத்தது. விழுந்த மண் பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு புது மலையாகப் படுத்திருந்தது. அதற்குள் எங்கோ சாலை கிடந்தது. புது மலைக்கு இந்தப் பக்கம், நேற்று வரை தேயிலைச் சரிவாக இருந்த இடத்தில், ஒரு ஏரி. அலை இல்லை. வேரோடு வந்த சைப்ரஸ் மரங்கள் அதில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன, யாரோ கரண்டியால் கிளறுவதுபோல.

பியுங் தொப்பியைக் கழற்றினார். இங்கே நான் ஒரு பிரார்த்தனை எழுதி அடித்துவிட்டேன். தொப்பியைக் கழற்றியதே போதும்.

5

இப்போது என் பங்கு.

என் விடுதி இருப்பது வெந்நீர்த் தெருவில், அந்த ஏரிக்கு நேர் கீழே. அன்று காலை மலை விழுந்தது எதுவும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: ஆறு நின்றுவிட்டது. நாள் முழுக்க இரைந்த ஆறு, யாரோ குழாயை மூடியதுபோல் ஓய்ந்து, கல்லுக்கு நடுவே நூலாக ஒழுகியது. மீன்கள் துடித்தன. சிலர் கூடையோடு இறங்கினார்கள். பக்கத்துக் கடை லோ மாமா மாடியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார்: "ஏறுங்கடா! தண்ணி வராம இருந்தா அது எங்கியோ நிக்குதுன்னு அர்த்தம்டா!"

பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது. ஆனால் அங்கே போகும் பாலத்தை முந்தின நாளே வெள்ளம் உடைத்திருந்தது. பின்பக்கம் செங்குத்துப் பாறை. ஆற்றில் இறங்கியவர்களும் கரையேறிவிட, ஆளாளுக்கு மொட்டை மாடியில் ஏறி, அமைதியான ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இத்தனை வயசில் எதற்கெதற்கோ பயந்திருக்கிறேன். சத்தமே இல்லாததற்கு நான் பயந்தது அன்றுதான். பயந்துகொண்டே அதைப் பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

6

மேலே, பியுங்கிடம் இருந்த செயற்கைக்கோள் போனில் பெய்-ஜுன் கௌவைப் பிடித்தாள்.

"சார், விழுந்த மண்ணு ஆத்தை அணை மாதிரி அடைச்சிருக்கு, ஏரி ஏறிக்கிட்டே இருக்கு. அணைமேல தாழ்வா ஒரு இடம் இருக்கு. இப்பவே அதுல கால்வாய் வெட்டினா தண்ணி கொஞ்சங் கொஞ்சமா வடியுமாம். அதுவா நிறைஞ்சு வழிஞ்சா மொத்தமும் உடைஞ்சுடுமாம்."

"யார் சொல்றா?"

"லாங்குய் அக்கா. பியுங் தலைவரும் சொல்றார்."

"பெய்-ஜுன், கேளு. ஆறு நம்மது இல்ல. ஆத்துக்குன்னு தனி இலாகா இருக்கு. நாம வண்டியை வாடகைக்கு எடுத்தது ரோட்டுக்கு. நாம வெட்டி, வெட்டின இடத்துலயே உடைஞ்சா, கீழ இருக்கிற தெருவுக்கு யார் பதில் சொல்றது? அவங்க எஞ்சினியரைப் பிடிக்கத்தான் பாக்கிறேன். ஹெலிகாப்டர் மேகத்துல ஏற முடியலையாம். காத்திரு."

கௌ நல்ல மனிதர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவரை வில்லனாக எழுதிய ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அவருடைய தங்கையும் எங்கள் தெருவில்தான் இருந்தாள். அன்று முழுக்க அவர் போனைக் கீழே வைக்கவேயில்லையாம்.

காத்திருந்தார்கள். தேயிலைக் கொட்டகையின் கூரை மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் மூழ்கியது. லாங்குய் வண்டியை அணையின் தாழ்ந்த இடத்துக்கு ஓட்டிப்போய் நிறுத்தினாள். அவ்வளவு பெரிய மண்ணின்மேல் பூதக்கை ஒரு மஞ்சள் வண்டு மாதிரி இருந்ததாம். பெய்-ஜுன்னும் சேற்றில் நடந்து போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"ஆபீசரம்மா, நான் ஒண்ணு கேக்கிறேன். நீங்க வாடகைக்கு எடுத்தது ரோட்டுக்கா, தண்ணிக்கா?"

"ரோட்டுக்கு."

"ரோடு எங்க இருக்கு?"

பெய்-ஜுன் தன் காலடியைப் பார்த்தாள். "இதுக்கு அடியில."

"அப்போ இதுவும் ரோடுதானே?"

அடுத்த வார்த்தையைச் சொன்னது யார் என்பதில்தான் இரண்டு சூப்புகளும் பிரிகின்றன.

7

கதை எப்படி முடிந்தது என்பதை மறைத்து வைத்து விளையாட எனக்கு விருப்பமில்லை. இதோ: பூதக்கை வெட்டியது. முதலில் ஒரு கை அகலத்துக்கு நீர் வந்தது. அது தன் வழியைத் தானே தோண்டிக்கொண்டு இறங்கத் தொடங்கியது. லாங்குய் பின்னால் நகர்ந்து நகர்ந்து வெட்டினாள். ஒருமுறை சங்கிலிச் சக்கரத்தின் அடியில் மண் கரைந்து வண்டி ஏரிப்பக்கமாகச் சாய்ந்தது. பெய்-ஜுன் கத்தினாள். லாங்குய் குதிக்கவில்லை. பூதக்கையின் இரும்புக் கையை மண்ணில் ஊன்றி, அதைக்கொண்டே வண்டியைத் தூக்கி நிறுத்தினாள். கரையில் நின்ற இசிலான் சனம் ஒரு குரலாக 'ஹோ' என்றது.

எங்களுக்கு முதலில் சத்தம்தான் வந்தது. பிறகு பழுப்பு நிறத்தில் ஆறு வந்தது. கீழ்த்தளங்களை எடுத்துக்கொண்டது, என் விடுதியின் நாற்காலிகளை வரிசையாக மிதக்க விட்டுக் கூட்டிப்போனது, மாடிப்படியில் ஏறியது, பாதிப்படியில் நின்றது. மாலைவரை அப்படியே ஓடியது. மாடிகளில் இருந்தவர்கள் எல்லோரும் பிழைத்தோம். அவ்வளவு பெரிய தண்ணீர், மேலே ஒரு வண்டு திறந்துவிட்ட வாய்க்கால் வழியாக, சொன்ன பேச்சைக் கேட்டதுபோல் இறங்கி வந்தது. அதைப் பார்த்தவனுக்கு அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் கொஞ்சம் சிறிதாகவே தெரிகிறது.

பின்னால் விசாரணை வைத்தார்கள். ஒப்பந்தத்துக்கு வெளியே வேலை நடந்திருக்கிறது, உத்தரவிட்டது யார்?

"நான்" என்றாள் பெய்-ஜுன். அவள் சொல்லித்தான் நடந்தது என்றால் வேலை போகலாம். லாங்குய்க்கு ஒன்றும் ஆகாது.

"பொய். இவ பயந்து போய் மரம் மாதிரி நின்னா. நானாத்தான் வெட்டினேன்" என்றாள் லாங்குய். அவளாகச் செய்தாள் என்றால் அவளை இனி எந்த ஊராட்சியும் வாடகைக்கு எடுக்காது. பெய்-ஜுன் தப்பித்துவிடுவாள்.

"ஏன்க்கா இப்படிப் பொய் சொல்றீங்க?"

"பொய் சொல்றது நீ. வயசுக்காவது மரியாதை குடு!"

விசாரணை அறையிலேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். குழு கடைசியில், "நிலைமையே உத்தரவிட்டதாகக் கொள்ளப்படுகிறது" என்று எழுதி மூடிவிட்டது. பெய்-ஜுன் இன்னும் சாலைப் பிரிவில்தான் இருக்கிறாள். லாங்குய்யும் இன்னும் எங்கள் ஊராட்சிக்குத்தான் ஓட்டுகிறாள். இரண்டு பேருக்கும் நடுவே அந்த விஷயத்தில் மட்டும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

8

குழுவுக்கு அது போதும். நிலைமைக்கு வாய் கிடையாது, எனக்கு அது போதாது. நன்றி சொல்ல எனக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. பெய்-ஜுன் சொன்னதாக ஒரு முறை எழுதினேன். காது சிவந்து 'ஆமாங்க' என்ற அதே பெண் 'வெட்டுங்க' என்கிறாள். நம்பினேன். லாங்குய் யாரையும் கேட்காமல் விசையை இழுப்பதாக இன்னொரு முறை எழுதினேன். அதையும் நம்பினேன். இருவரும் ஒரே மூச்சில் சொன்னதாக எழுதியதுதான் மோசம். அது வாசகரைச் சமாதானப்படுத்த எழுதியது.

ஆகவே அந்த இடத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறேன். மேகம் மலையின் இடுப்புவரை இறங்கியிருக்கிறது. பூதக்கையின் எஞ்சின் ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா என்பதுகூட உங்கள் இஷ்டம். லாங்குய் கதவைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாள். பெய்-ஜுன் முழங்கால் சேற்றில் நிற்கிறாள். இரண்டு பேரும் ஏரியைப் பார்க்கிறார்கள்.

"                    " என்றாள்.

யார் வாயில் வேண்டுமானாலும் அந்த வார்த்தையை வையுங்கள். கொஞ்சம் சீக்கிரம் வையுங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, கீழே மொட்டை மாடியில் நான் நின்றுகொண்டிருக்கிறேன்.